எஞ்சினை இறக்கினால்தான் தெரியும்

ஒரேயடியாகக் கெட்டுப்போன காரினால் உண்டாகும் துக்கம் சில நாட்களில் ஆறிவிடும். அதை வந்த விலைக்கு விற்றோ, பழைய இரும்புக்குப் போட்டோ மனிதன் வேறு ஏற்பாட்டைத் தேடிக்கொள்கிறான். ஆனால், காலையில் நன்றாகப் புறப்பட்டு, மாலையில் சில்க் போர்டு சந்திப்பில் நட்டநடுவே நின்று, பின்னால் ஹாரன் முழக்கம் எழும்ப, இறங்கித் தள்ளி ஓரங்கட்டி அரைமணி நேரம் காத்திருந்து சாவியைத் திருப்பினால் எதுவும் நடவாததுபோல் மறுபடியும் ஓடத் தொடங்குகிற காரை வைத்துக்கொண்டு குடித்தனம் செய்வது இருக்கிறதே, அது பணத்தை மட்டுமல்ல, மன நிம்மதியையும் சிறுகச் சிறுகக் கரைத்துவிடக்கூடிய சோதனை. பெங்களூரில் குடியேறிய தமிழர்களில் அநேகர், ஓசூர் தாண்டிக் கிருஷ்ணகிரி, சேலம் என்று சொந்த ஊருக்குப் புறப்படும் ஒவ்வொரு பண்டிகைக்கும் முன்னால், “வண்டியை நம்பிப் போகலாமா, பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்துவிடலாமா?” என்று வீட்டுக்குள் ஆலோசனை நடத்துவதை நான் கேட்டிருக்கிறேன். லட்சக்கணக்கில் கடன் வாங்கி, மாதந்தவறாமல் தவணை கட்டி வைத்திருக்கும் வாகனத்தைப் பற்றி இப்படி ஒரு சந்தேகம் எழுவது எவ்வளவு வருத்தத்துக்குரிய விஷயம்!

அல்சூரில் வசிக்கும் என் நண்பர் ஒருவர் இந்தச் சோதனைக்கு நெடுநாள் ஆளாகியிருந்தார். அவருடைய பெட்ரோல் கார் வெயில் நேரத்தில், அதுவும் வெகுநேரம் ஊர்ந்து வந்த பிறகு மட்டும், எந்த எச்சரிக்கையும் இன்றி அணைந்துவிடும். சர்வீஸ் நிலையத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் எஞ்சின் ஆறிவிடுவதால் அங்கே அது சமர்த்தாக ஓடும்; ஸ்கேனரைச் செருகிப் பார்த்தாலோ குறை எதுவும் பதிவாகியிராது. முதலில் பெட்ரோல் பம்பை மாற்றினார்கள். அடுத்த தடவை ஸ்பார்க் பிளக்குகளையும் இக்னிஷன் காயில்களையும் மாற்றினார்கள். அதற்கும் அடுத்தபடியாக இன்ஜெக்டர்களைக் கழற்றிச் சுத்தம் செய்தார்கள். ஒவ்வொரு முறையும் கார் சில நாட்கள் ஒழுங்காக ஓடி, நம்பிக்கை பிறக்கும் சமயத்தில் மறுபடியும் நடுவழியில் நின்றது. கடைசியில், “எஞ்சினை இறக்கிப் பார்த்தால்தான் சார் தெரியும்” என்று சொல்லி, கேட்டவருக்குத் தலை சுற்றும்படியான ஒரு தொகையையும் எழுதிக் கொடுத்தார்கள்.

அந்தத் தொகைக்குப் பயந்து, வில்ஸன் கார்டனில் உள்ள ஒரு சிறு பட்டறைக்கு அவர் போனபோது நானும் உடன் சென்றிருந்தேன். தர்மபுரிப் பக்கத்திலிருந்து சிறுவயதிலேயே இங்கு வந்துவிட்ட அந்த மெக்கானிக், நண்பர் சொன்ன வரலாற்றை முழுவதும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, எதையும் கழற்றாமல், எஞ்சினை ஓடவிட்டு ஒரு ஸ்டூலைப் போட்டு அருகிலேயே உட்கார்ந்துகொண்டார். “நிக்கட்டும் சார், நின்னாத்தான் பார்க்க முடியும்” என்றார். வெகுநேரம் கழித்து எஞ்சின் உஷ்ணம் ஏறித் தானாகவே அணைந்தது. சாவியைத் திருப்பிப் பார்த்தால் ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை. உடனே ஒரு குவளைத் தண்ணீரை எடுத்து, எஞ்சினுக்கும் கியர் பெட்டிக்கும் நடுவில், கைவிரல் அளவே உள்ள ஒரு கறுப்புப் பொருளின் மீது மெதுவாக ஊற்றிவிட்டு, மறுபடியும் சாவியைத் திருப்பச் சொன்னார். எஞ்சின் முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது.

அந்தச் சிறு பொருளுக்குக் கிராங்க் சென்சார் என்று பெயர். கிராங்க் தண்டு எந்த நொடியில் எந்த நிலையில் சுழல்கிறது என்பதை அதுதான் எஞ்சினின் கம்ப்யூட்டருக்கு அறிவிக்கிறது. எப்போது பெட்ரோலைத் தெளிப்பது, எப்போது பொறியைக் கொடுப்பது என்று கம்ப்யூட்டர் முடிவு செய்வது அந்தச் செய்தியை வைத்துத்தான். சென்சாருக்குள் மயிரிழைபோன்ற செம்புக் கம்பிச் சுருள் இருக்கிறது. பழசாகிவிட்டால், உஷ்ணத்தில் விரியும்போது அதன் தொடர்பு அறுந்து, ஆறியதும் திரும்பக் கூடிவிடும். செய்தி நின்றால் பொறியும் நிற்கும், பெட்ரோலும் நிற்கும். புதுச் சென்சாரின் விலை இரண்டாயிரம் ரூபாய் அளவில்தான் இருந்தது. அதற்கு முன் செலவானதைக் கூட்டிப் பார்க்க நண்பருக்கு மனம் வரவில்லை. மாற்றப்பட்ட பாகங்களில் எதுவும் பழுதானதல்ல என்பதுதான் அவரை அதிகமாக வருத்தியது, என்னையும் வருத்தியது. ஒரு யந்திரம் கெடுவது இயற்கை. அதைச் சீர்செய்யப் பணம் கேட்பதும் நியாயமே. ஆனால் காரணத்தைக் கண்டறியாமல் பாகங்களை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்து, அந்தப் பரீட்சையின் செலவு முழுவதையும் வாகனச் சொந்தக்காரர் தலையில் ஏற்றுவது எந்த விதத்திலும் நியாயமாகாது. இந்த ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்லவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 920 மீட்டர் உயரத்தில் இருக்கும் இந்நகரத்தின் சீதோஷ்ணம் யந்திரங்களுக்கு அநுகூலமானது என்று முன்பெல்லாம் சொல்வார்கள். சென்னையின் வெயிலோடு ஒப்பிட்டால் அது உண்மைதான். ஆனால் இன்றைக்குப் பெங்களூரில் எஞ்சினின் ஆயுளை நிர்ணயிப்பது சீதோஷ்ணம் அல்ல, சாலை. உலக நகரங்களின் போக்குவரத்தைக் கணக்கெடுக்கும் டாம்டாம் ஸ்தாபனம், 2023ஆம் ஆண்டில் இந்நகரத்தின் மையப் பகுதியில் 10 கிலோமீட்டர் தூரத்தைக் கடக்கச் சராசரியாக 28 நிமிஷமும் 10 விநாடியும் பிடித்ததாகக் கணித்தது. அதாவது, மணிக்கு 21 கிலோமீட்டர் வேகம். இந்தக் கணக்கில் 10,000 கிலோமீட்டர் ஓடிய எஞ்சின் சுமார் 470 மணி நேரம் இயங்கியிருக்கும். அதே தூரத்தை நெடுஞ்சாலையில் 70 கிலோமீட்டர் வேகத்தில் கடந்த எஞ்சினோ 143 மணி நேரம்தான் இயங்கியிருக்கும். கிலோமீட்டரைக் காட்டும் கருவி இரண்டு காரிலும் ஒரே எண்ணைத்தான் காட்டும். ஆயில் மாற்ற வேண்டிய தவணையும் பெரும்பாலோர் மனத்தில் அந்த எண்ணை வைத்தே பதிந்திருக்கிறது. ஆனால் எண்ணெயின் உழைப்பு மும்மடங்குக்கு மேல். நகரத்துக்குள்ளேயே உழலும் கார்களுக்குத் தவணையைச் சுருக்கிக்கொள்ள வேண்டும் என்று கம்பெனிகளின் கைப்புத்தகங்களிலேயே கடினமான உபயோகம் என்ற தலைப்பில் எழுதியிருக்கிறது. அந்தப் பக்கத்தைப் படித்தவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

டீசல் கார்களின் சங்கடம் இன்னும் விசேஷமானது. 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 என்னும் புகைக் கட்டுப்பாட்டு விதிகள் அமலுக்கு வந்த பிறகு, டீசல் கார்களின் புகைக்குழாயில் கரித்தூளைப் பிடித்து வைக்கும் ஒரு வடிகட்டி பொருத்தப்படுகிறது. அது நிறைந்துவிட்டால், உள்ளே சேர்ந்த கரியை ஏறக்குறைய 600 டிகிரி உஷ்ணத்தில் எரித்துச் சாம்பலாக்க வேண்டும். நெடுஞ்சாலையில் கொஞ்ச நேரம் சீராக ஓடினால் இந்தக் காரியம் தானாகவே முடிந்துவிடும். மாரத்தஹள்ளியிலிருந்து பெல்லந்தூருக்கு ஊர்ந்து போகும் காரில் அந்த உஷ்ணம் எங்கிருந்து வரும்? எஞ்சின் கூடுதலாக டீசலைத் தெளித்து எரிக்க முயல்கிறது. பாதியில் காரை நிறுத்தி அணைத்துவிடுகிறோம். எரியாத டீசலில் ஒரு பகுதி சிலிண்டர் சுவர் வழியாக வடிந்து ஆயிலோடு கலக்கிறது. ஆயில் குறைந்தால் கவலைப்படத் தெரிந்த நமக்கு, ஆயிலின் மட்டம் ஏறினால் அதுவும் அபாயம் என்று யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. நீர்த்துப்போன அந்த ஆயிலால் பேரிங்குகள் தேய்ந்த பிறகு வரும் பில்லைப் பார்த்து, “கம்பெனியே மோசம்” என்கிறோம். வாரம் ஒரு தடவை நைஸ் ரோட்டிலோ துமகூரு நெடுஞ்சாலையிலோ அரைமணி நேரம் ஓட்டிக்கொண்டு வந்தாலே இந்தச் செலவில் பெரும்பகுதி இல்லாமற் போகும். ஓடுவது முழுக்க நகரத்துக்குள்ளேதான் என்று சொல்கிறவருக்கு டீசல் காரை விற்கும்போது, விற்பவர் இதை எடுத்துச் சொல்வது கடமை என்பது என் அபிப்பிராயம்.

சூட்டினால் விளையும் கேடுகளில் மிகவும் பழகிப்போனது ஹெட் கேஸ்கெட் போவது. எஞ்சினின் உடற்பகுதிக்கும் அதன் தலைப்பகுதிக்கும் நடுவே, தகட்டினாலான மெல்லிய கேஸ்கெட் ஒன்று வைத்து இறுக்கப்பட்டிருக்கிறது. எரிவாயு ஒருபுறம், கூலன்ட் ஒருபுறம், ஆயில் ஒருபுறம் என்று மூன்றையும் ஒன்றோடொன்று கலவாமல் பிரித்து வைப்பது அதுதான். கூலன்ட் கசிந்து குறைந்தாலும், வாட்டர் பம்ப் ஓய்ந்தாலும், ரேடியேட்டர் ஃபேன் சுற்றாமற் போனாலும் எஞ்சின் கொதிக்கிறது. அலுமினியத்தாலான ஹெட் சூட்டில் அதிகமாக விரிந்து வளைந்துவிடும். பல எஞ்சின்களில் ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு வளைவுக்குமேல் அனுமதியே கிடையாது. அப்புறம் கூலன்ட் ஆயிலில் புகுந்துவிடுகிறது; ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் அதன் அடியில் பால் விட்ட காப்பியின் நிறத்தில் ஒரு பசை அப்பியிருப்பதைக் காணலாம். இந்த நிலையில் ஹெட்டை இறக்கி, லேத்துப் பட்டறையில் ஃபேஸிங் செய்து, புதுக் கேஸ்கெட் போட்டுப் பூட்ட வேண்டும். ஆனால் இதற்கு மூலகாரணம் பெரும்பாலும் மிக அற்பமானதாக இருக்கும்: ஒரு ரப்பர் குழாயின் வெடிப்பு, அல்லது கூலன்ட்டுக்குப் பதிலாகப் பழக்கத்தினால் ஊற்றிவந்த போர்வெல் தண்ணீர். இந்நகரத்தின் கடினமான போர்வெல் தண்ணீர் ரேடியேட்டரின் நுண்குழல்களில் சுண்ணாம்பாகப் படிந்து வழியை அடைத்துவிடுகிறது. சூட்டு முள் சிவப்பைத் தொட்டவுடன் காரை ஓரங்கட்டி அணைத்திருந்தால் குழாய் விலையோடு போயிருக்கும். “இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தானே” என்று வீடுவரை ஓட்டிக்கொண்டு போனதற்குத்தான் மிச்சச் செலவெல்லாம்.

2022 செப்டம்பர் 4ஆம் தேதி இரவு பெய்த மழையை இங்குள்ளவர்கள் மறக்க மாட்டார்கள். மறுநாள் காலைக்குள் 130 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்தது. பெல்லந்தூர், சர்ஜாபூர் சாலை, யமலூர் ஆகிய பகுதிகள் மூழ்கின. ரெயின்போ டிரைவ் குடியிருப்பில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. கம்ப்யூட்டர் நிறுவனங்களில் வேலை செய்வோர் டிராக்டரில் ஏறி அலுவலகம் போனார்கள். தரைக்கு அடியில் கார் நிறுத்துவதற்கென்று கட்டிய தளங்களில் கார்கள் கூரை தெரியாமல் முழுகிக் கிடந்தன. அந்த வெள்ளத்தில் அகப்பட்ட ஒரு சிறிய காரின் கதை அப்போது பத்திரிகைகளில் பரவலாக வெளியாயிற்று. சுமார் 11 லட்ச ரூபாய் பெறுமான அந்தக் காரைச் சீர்செய்ய 22 லட்ச ரூபாய் ஆகும் என்று மதிப்பீடு வந்தது. அதுபோதாதென்று, மதிப்பீட்டுப் பத்திரம் தயாரித்த கட்டணமாக 44,000 ரூபாய்க்கு மேல் கேட்கப்பட்டது. சொந்தக்காரர் தயாரிப்புக் கம்பெனி வரையில் முறையிட்ட பிறகே 5,000 ரூபாயில் விவகாரம் தீர்ந்தது.

வாங்கிய விலையைப்போல் இருமடங்கு எப்படி வரும் என்று அன்று எல்லோரும் திகைத்தார்கள். வியப்புக்குரியதுதான், ஆனால் விளங்காததல்ல. காரை முழுதாக வாங்கும்போது கொடுக்கும் விலை வேறு; அதன் ஒவ்வொரு பாகத்தையும் தனித்தனியே விலைப்பட்டியல்படி வாங்கினால் ஆகும் மொத்தம் வேறு. இரண்டாவது தொகை முதலாவதைவிட எப்போதும் வெகு அதிகம். தண்ணீரில் நனைந்த காரில் ஸீட்டுக்கு அடியில் ஓடும் ஒயர்களிலிருந்து கம்ப்யூட்டர் பெட்டிகள் வரை எதையும் நம்பமுடியாதென்று எல்லாவற்றையும் பட்டியலில் எழுதிவிட்டால் கணக்கு அப்படித்தான் முடியும். காப்பீட்டு விதிப்படி, பழுதுபார்க்கும் செலவு வாகனத்தின் காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் அதை முழு நஷ்டமாகவே கொண்டு தீர்க்க வேண்டும். இந்த விதி தெரிந்தவருக்கு 22 லட்சம் என்ற எண் பயமூட்டாது. தெரியாதவரையோ அது நிலைகுலையச் செய்துவிடும்.

எஞ்சினைப் பொறுத்தவரையில் வெள்ளம் செய்யும் வேலையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ஆயிரம் சி.சி. அளவுள்ள மூன்று சிலிண்டர் எஞ்சினில் பிஸ்டன் உச்சிக்கு ஏறும்போது அதற்கு மேலே மிஞ்சும் இடம் ஏறக்குறைய 35 மில்லிலிட்டர்தான். காற்று அந்த இடத்துக்குள் அமுங்கி அடங்கும், தண்ணீர் அடங்காது. ஆகவே, காற்று உறிஞ்சும் குழாய் வழியாக அதைவிடச் சற்று அதிகமான தண்ணீர் உள்ளே போய்விட்டால் பிஸ்டன் மேலே ஏறமுடியாமல் முட்டி நிற்கிறது. அதைத் தள்ளுகிற கனெக்டிங் ராட், உருக்கினால் ஆனதாயினும், வளைந்துவிடுகிறது. ஷிவாஜிநகரில் ஒரு பட்டறை மேஜையில் அப்படி வளைந்த ராட் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தேன். கண்ணால் பார்த்தால் நேராகத்தான் தோன்றியது. நல்ல ராட் ஒன்றின் பக்கத்தில் வைத்தபோதுதான் அதன் கோணல் தெரிந்தது. தண்ணீரில் நின்ற காரை ஸ்டார்ட் செய்து பார்க்காமல் கட்டியிழுத்துக் கொண்டுவந்திருந்தால், பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றி, ஆயிலை மாற்றுவதோடு பல எஞ்சின்கள் பிழைத்துவிடும். சாவியைத் திருப்பிய அந்த ஒரு கணம்தான் ராட்டை வளைக்கிறது. காப்பீட்டுக் கம்பெனிகளும் இந்தக் கணத்தைப் பிடித்துக்கொண்டுதான், வெள்ளத்தால் வந்த நஷ்டம் வேறு, ஸ்டார்ட் செய்ததால் வந்த நஷ்டம் வேறு என்று வாதித்து, எஞ்சின் பாதுகாப்புக்கென்று தனிப் பிரீமியம் கட்டியிராதவர்களுக்குப் பணம் தர மறுக்கின்றன. ஏரிகளின் வழிகளில் வீடுகளும் அலுவலகங்களும் எழும்பியிருக்கும் இந்நகரத்தில் அந்தச் சிறு பிரீமியத்தை மிச்சம் பிடிப்பது புத்திசாலித்தனமல்ல.

பெங்களூருக்கு மோட்டார்த் தொழில் புதிதல்ல. 1951இல் தோன்றிய மைக்கோ ஸ்தாபனம் ஆடுகோடியில் ஸ்பார்க் பிளக்கும் டீசல் பம்பும் செய்து நாடு முழுவதற்கும் அனுப்பியது. அதுதான் இன்றைய பாஷ். ஜே.சி. ரோட்டின் இரு மருங்கிலும் உதிரிபாகக் கடைகள், பீன்யாவில் லேத்துகள். அம்பாசடர் காலத்தில், இந்தக் கடைகளையும் பட்டறைகளையும் வைத்துக்கொண்டு தீர்க்க முடியாத கோளாறே இல்லை என்னும்படி இருந்தது. யந்திரம் நுணுக்கமானபின் அந்தச் சாமர்த்தியம் பயனற்றுப் போகவில்லை. அதற்குக் கதவு சாத்தப்பட்டது என்பதே உண்மை. ஒரிஜினல் பாகங்களும், கோளாறு கண்டுபிடிக்கும் மென்பொருளும், பழுதுபார்க்கும் விவரப் புத்தகங்களும் அங்கீகாரம் பெற்ற நிலையங்களுக்கு மட்டுமே கிடைக்கும்படி கம்பெனிகள் ஏற்பாடு செய்துகொண்டதை இந்தியப் போட்டி ஆணையம் விசாரித்து, 2014 ஆகஸ்டில் 14 கார்க் கம்பெனிகளுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. மேல்முறையீட்டில் சில கம்பெனிகளின் அபராதம் 2016இல் குறைக்கப்பட்டது. 2022 டிசம்பரில் மத்திய அரசின் நுகர்வோர் துறை, பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஓர் இணைய வாயிலைத் திறந்து, அதில் மோட்டார் வாகனங்களையும் சேர்த்தது. இவை வரவேற்கத்தக்க காரியங்கள். ஆனால் வில்ஸன் கார்டன் பட்டறைக்காரருக்கு இன்னும் அந்த விவரப் புத்தகம் கிடைத்தபாடில்லை. அவர் தம் காதையும் அநுபவத்தையும் நம்பியே தொழில் செய்கிறார்.

காரணம் தெரியாத இடத்தில் ஊகம் குடியேறுகிறது. 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் இந்தப் பெங்களூரிலேயே தொடங்கி வைக்கப்பட்டது முதல், பழைய கார் வைத்திருப்போர் எந்தக் கோளாறுக்கும் அதையே குற்றம் சாட்டுகிறார்கள். எத்தனால் பழைய ரப்பர்ப் பாகங்களைப் பாதிக்கக்கூடியது என்பது மெய்யே. ஆனால் நின்றுபோன ஒவ்வொரு எஞ்சினுக்கும் அதுவே காரணம் என்பதைச் சோதிக்காமல் சொல்லலாகாது.

வாங்கிய நாள் முதலே தொல்லை கொடுக்கும் புதுக் காரின் சங்கதி தனி. அமெரிக்காவில் 1982இல் கனெக்டிகட் மாநிலம் தொடங்கி எல்லா மாநிலங்களிலும், குறிப்பிட்ட தடவைகள் பழுதுபார்த்தும் சீராகாத புதுக் காரைக் கம்பெனி திரும்பப் பெற வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. நம் நாட்டில் அத்தகைய தனிச் சட்டம் இல்லை. பழுதான பாகத்தை மாற்றித் தருவதுதான் உத்தரவாதத்தின் பொருளே ஒழிய வாகனத்தையே மாற்றித் தருவதல்ல என்று உச்ச நீதிமன்றம் 2006இல் மாருதி கம்பெனி சம்பந்தப்பட்ட வழக்கில் சொல்லியிருக்கிறது. 2019ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம், குறையுள்ள வாகனங்களைத் திரும்பப் பெறும்படி கம்பெனிகளுக்கு உத்தரவிட அரசாங்கத்துக்கு அதிகாரம் கொடுக்கிறது. ஆனால் அது பொதுவான குறைகளுக்கு ஆகுமே அல்லாது, தனியொருவரின் காருக்கு ஆகாது.

தனியொருவருக்கு இருக்கும் வழி நுகர்வோர் ஆணையம். 50 லட்ச ரூபாய் வரை விலை கொடுத்த பொருளுக்கு மாவட்ட ஆணையத்திலேயே, குறை தோன்றிய இரண்டு ஆண்டுகளுக்குள், வக்கீல் இல்லாமலும் முறையிடலாம். குறை இருக்கிறதென்று காட்டும் பொறுப்பு வழக்குத் தொடுப்பவருடையது. தேவையானால் ஆணையம் பொருளைத் தக்க சோதனைக்கூடத்துக்கு அனுப்பும். ஆகையால், காரை விடும்போதே எந்த நேரத்தில், எத்தனை உஷ்ணத்தில், எந்த வேகத்தில் கோளாறு தோன்றுகிறதென்பதை ஜாப் கார்டில் நம் வார்த்தைகளாலேயே எழுதவைத்து ஒரு நகலைப் பெற்றுக்கொள்வது மிகவும் அவசியம். “எஞ்சின் செக்கப்” என்று ஒரு வரியில் எழுதியிருந்தால் பின்னால் அதை வைத்துக்கொண்டு எதையும் நிரூபிக்க முடியாது. எந்தப் பாகத்தை எதற்காக மாற்றுகிறார்கள் என்பதை மதிப்பீட்டிலேயே எழுதித் தரும்படி கேட்க வேண்டும். கழற்றிய பழைய பாகத்தையும் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். உத்தரவாதக் காலத்தில் அது கம்பெனிக்குத் திரும்பிப் போய்விடும் என்பதால், அப்போது படமாவது எடுத்து வைத்துக்கொள்ளலாம். காசு கொடுத்து மாற்றிய பாகம் நம்முடைய உடைமை. நாளைக்கு ஒரு நிபுணர் பரிசோதிக்க வேண்டி வந்தால் அவர் கையில் கொடுப்பதற்கு வேறு சாட்சி இருக்கப்போவதில்லை.